உது யார் விட்ட பிழை?

என் பிரியமுள்ள குகன் மச்சானுக்கு,

நீ போய்ப் பத்து மாதம். உனக்குச் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. ஆனால் இன்றைக்கு ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் நம் இசைக்குழுவைக் கொழும்புக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நிகழ்ச்சிப் புத்தகத்தில் போட அரைப் பக்கத்துக்குக் குழுவின் வரலாறு வேண்டுமாம். நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். நீ இருந்தால், "கணக்கு வாத்திக்கு அரைப் பக்கம் எழுத ஏலாதோ?" என்று வாயைக் கோணி நெளிப்புக் காட்டியிருப்பாய். எழுத முடியும், மச்சான். அந்த ஒரு வரியில் வந்துதான் கை நின்றது.

தொடக்கம் சுலபமாக வந்துவிட்டது. வட்டுக்கோட்டையில் ஜெயத்தின் வீட்டு வெங்காயக் கொட்டில். நீ என் தங்கை வதனியைக் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாவகச்சேரியில் வங்கி வேலை பார்த்த ஜெயம், கனடா மாமா விட்டுப்போன பேஸ் கிற்றாரைத் தானாகவே பழகிக்கொண்டு, ஒருநாள் நமக்கு ஜாஸ் போட்டுக் காட்டினான். எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. கோயில் கோயிலாகத் தவில் அடித்துத் திரிந்த நீதான் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்னாய்: "உவங்களும் தனி ஆவர்த்தனம்தானே வாசிக்கிறாங்கள். ஒருத்தன் விட மற்றவன் பிடிக்கிறான். எங்களாலை ஏலாதே?"

உன் தவில், ஜெயத்தின் பேஸ், என் கீபோர்ட். தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட வெங்காயப் பிடிகள். வீட்டுக்குப் போனால் சட்டையை வெளியிலேயே கழற்றிப் போடச் சொல்லுவாள் என் மனைவி.

பிறகு மானிப்பாய். வாசிகசாலை ஆண்டுவிழா, நம் முதல் மேடை. இந்த இடத்தில்தான் தாளைக் கிழிக்கத் தொடங்கினேன்.

ஏழு எண்ணிக்கைத் தாளம். நீ தனியாக நான்கு சுற்று வாசித்து முடிக்க, ஐந்தாவது சுற்றின் முதல் தட்டில் மூன்று பேரும் ஒன்றாக எடுக்கவேண்டும். ஒத்திகையில் அந்த இடத்துக்கு நீ வைத்த பெயர் 'உது'. கையெட்டும் இது இல்லை, தொலைவில் நிற்கும் அது இல்லை; எதிரில் நிற்பவனுக்கும் தெரிந்த, நடுவில் கிடக்கிற உது. மேடையில் நீ நாடியைத் தூக்கி, "உதிலை வாங்கோ" என்றாய்.

முன்வரிசையில் என் பாடசாலை அதிபர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. எத்தனையாவது சுற்று என்றே தெரியவில்லை. உன் குரல் கேட்டதும் இதுதான் இடமென்று இரண்டு தட்டு முந்தி விழுந்தேன். என் கையைப் பார்த்துப் பதறிய ஜெயம் ஒரு தட்டு முந்தி வந்தான். நீ மட்டும் வரவேண்டிய இடத்தில் வந்தாய். ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம். எப்படியோ அது விழாமல் நின்றது.

சனத்துக்குள் இருந்து ஒருவர் எழும்பி, "தம்பியவை, உது என்ன சாமான்?" என்று கேட்டார். நீ ஒலிவாங்கியை இழுத்து, "உது உதுதான் ஐயா!" என்றாய். சனம் சிரித்துக் கைதட்டியது. அன்றைக்கே குழுவுக்கு 'உது' என்று பெயர் விழுந்தது.

மேடையை விட்டு இறங்கினதும் ஜெயம் கொதித்தான். "ஆர் பிழை விட்டது?" நான் வாயைத் திறக்கமுதல் நீ சொன்னாய்: "நான்தான். கண்ணை மூடிட்டன்." கணக்கு படிப்பிக்கிறவன் ஏழு எண்ணத் தவறிவிட்டான் என்று எப்படிச் சொல்லுவேன்? பேசாமல் நின்றேன்.

ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த அந்த மூன்று எடுப்பும் பிறகு நம் அடையாளமாகிப் போனது. போன இடமெல்லாம் கேட்டார்கள். போன இடமெல்லாம் நீ "நான் விட்ட பிழை" என்று சிரித்தாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பதினாறு வருடம், மச்சான். வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிறு என்ன நடந்தது தெரியுமா? உன் இடத்தில் இப்போது நிரோசன் வாசிக்கிறார். மூன்று கோயிலுக்கு நிரந்தரமாக வாசிக்கிறவர், சுத்தமான கை. உன் வீட்டு விறாந்தையில்தான் ஒத்திகை. அவர் தவிலை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அண்ணை, குறை நினையாதேங்கோ. குகன் அண்ணை விட்ட பிழையை நாங்கள் இனியும் வாசிக்கவேணுமே? கொழும்பிலை தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம்."

தேத்தண்ணியோடு வந்த வதனி வாசலிலேயே நின்றாள். தட்டத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன்.

அடுத்தநாள் பாடசாலை விட்டதும் நேரே அவளிடம் போனேன். சொல்லி முடிக்க நாக்கு நாலு இடத்தில் தடக்கியது. அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எனக்குத் தெரியும், அண்ணை. அண்டைக்கே வீட்டை வந்து சொல்லிச் சிரிச்சவர். 'கொண்ணர் கணக்கு வாத்திக்கு ஏழுவரைக்கும் எண்ணத் தெரியாதடி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, அதிபர் முன்னாலை மானம் போயிடும்' எண்டு."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அவர் இருக்கேக்குள்ளை அது பகிடி. இப்ப அவர் இல்லை. நேற்று அந்தப் பிள்ளை கேட்டது எனக்குச் சுட்டது. எனக்குச் சொல்லி என்ன செய்யிறது? ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

நீ ஏன் அப்படிச் செய்தாய்? மச்சான் என்பதற்காகவா, அல்லது உண்மையிலேயே உனக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லையா? ஒருநாளாவது நான் கேட்டிருக்கலாம்.

இன்று காலை ஒத்திகையில் நிற்கும்போது கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார். குழுவின் பெயரில் எழுத்துப் பிழை இருந்ததாம், 'அது' என்று திருத்திவிட்டார்களாம். "தம்பி, அது உதுதான். திருத்தினால் நாங்கள் வரமாட்டம்" என்றேன். ஜெயம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். இப்படி நான் கதைத்து அவன் கேட்டதில்லை. அந்தச் சூட்டோடேயே ஜெயத்துக்கும் நிரோசனுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஜெயம் ஐந்து நிமிடம் பேசினான். அதை இங்கே எழுதமுடியாது. நிரோசன் மட்டும், "அப்ப குகன் அண்ணை சரியாத்தான் வந்தவரோ?" என்று கேட்டுவிட்டுத் தவிலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஓம். நீங்களும் அவர் வந்த இடத்திலை வாங்கோ" என்றேன்.

வரலாற்றை எழுதி அனுப்பிவிட்டேன். அந்த வரி இதுதான்: 'முதல் மேடையில் கீபோர்ட் வாசித்தவர் எண்ணிக்கையைத் தவறவிட்டார், தவில் வாசித்தவர் குகன் தவறவிடவில்லை.' அச்சில் வந்தால் போதாது என்று தெரியும். வதனியை முன்வரிசையில் இருத்தி, ஒலிவாங்கியில் என் வாயால் சொல்லிவிட்டுத்தான் கீபோர்டில் கைவைப்பேன். அதிபர் ஓய்வு பெற்றுக் கொழும்பில்தான் இருக்கிறார். அவருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். பிறகு அந்த இரண்டு தட்டும் முந்தி நானே விழுவேன். அதிபரைப் பார்த்துக்கொண்டே விழுவேன், குகன். இனி அது என் பிழை.

இப்படிக்கு,
ஏழுவரை எண்ணப் பழகிக்கொண்டிருக்கும்
உன் மச்சான்,
வதனியின் அண்ணன் சிவா