எனக்கு மட்டும் விசா

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வெளிநாட்டிலிருந்து தம்பி போன் செய்தான். கல்யாணம் மே மாதம் என்று முடிவாகிவிட்டதாம். நாற்பத்தாறு வயதில் வெட்கப்படுகிறான்! "பெரிசா ஒண்ணும் இல்லக்கா. பதிவு ஆபீஸ்ல கையெழுத்து, அப்புறம் ஒரு சாப்பாடு. ஆனா நீயும் மாமாவும் கண்டிப்பா வரணும்" என்றான். பெண் அந்த ஊர்க்காரி, மருத்துவமனையில் நர்ஸ். பின்னாலிருந்து "அக்கா, வாங்க" என்றாள். அந்த இரண்டு சொல்லைத்தான் இதுவரை கற்றிருக்கிறாளாம். போதுமே.

அப்பாவும் அம்மாவும் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. நான் ஊட்டி வளர்த்த பிள்ளை. போகாமல் இருக்க முடியுமா?

மார்ச் 9, ஞாயிறு

இவர் களத்தில் இறங்கிவிட்டார். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். தட்டு வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துச் சாப்பிட்டேன். பார்வையாளர் விசாவுக்குத் தம்பி அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்துக் கடிதம், காப்பீடு, திரும்பி வரும் டிக்கெட்டுக்கு முன்பதிவு... பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுசு பாக்கி இருக்க வேண்டும். எங்கள் இருவருடையதற்கும் இருக்கிறது. வாங்கியதோடு சரி, ஒரு தடவைகூடப் பயன்படவில்லை.

இத்தனை காகிதத்துக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் — நீ திரும்பி வருவாயா?

வராமல் எங்கே போவேன்? அடுப்படியில் எது எங்கே இருக்கிறதென்று இவருக்குத் தெரியவா போகிறது!

மார்ச் 13, வியாழன்

கடையில் விடுப்புக் கடிதம் கேட்டேன். முதலாளியம்மா சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்: 'இவர் இல்லாவிட்டால் என் கடையில் தைக்கிற ஒரு திரைச்சீலைகூட நேராகத் தொங்காது. தயவுசெய்து கட்டாயம் திருப்பி அனுப்பவும்.'

இவர் படித்துவிட்டு, "இது லீவு லெட்டரா, ஆளைக் காணோம்னு விளம்பரமா?" என்றார். நாளை மாற்றி வாங்க வேண்டும். எனக்கென்னவோ பழைய கடிதமே பிடித்திருந்தது.

மார்ச் 20, வியாழன்

விசாவுக்குப் புகைப்படம். சிரிக்கக் கூடாதாம். இரண்டு பேரும் திருட்டு வழக்கில் மாட்டியவர்கள் மாதிரி இருக்கிறோம்.

ஏப்ரல் 2, புதன்

இன்று கைரேகையும் நேர்காணலும். ஒரு வாரமாக இவர் எனக்குப் பயிற்சி கொடுத்தார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அல்லவா, வீட்டிலும் அதே அதட்டல். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கதை சொல்லாத."

என் விரல் ரேகை கண்ணாடியில் பதியவே இல்லை. கத்தரியும் ஊசியும் பிடித்துத் தேய்ந்த விரல். அங்கிருந்த பெண் ஈரத் துணி கொடுத்து, "அழுத்தித் துடைங்கம்மா, அவசரமில்ல" என்றாள். ஒருவழியாகப் பதிந்தது.

பிறகு தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். என்னிடம் எதற்குப் போகிறீர்கள் என்றார் அதிகாரி. தம்பி கல்யாணம். எத்தனை நாள்? இரண்டு வாரம். அப்புறம்? "கடையில வேலை கிடக்குங்க." அவ்வளவுதான்.

இவர் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார். என்ன கேட்டார்கள் என்றேன். "எத்தனை நாள் இருப்பீங்கன்னு கேட்டாங்க. மச்சான் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ற வரைக்கும்னேன்!"

"அவங்க சிரிச்சாங்களா?"

"குறிச்சுக்கிட்டாங்க" என்றார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எனக்கு விசா வந்துவிட்டது. இவருக்கு இல்லை.

பயணம் முடிந்து திரும்புவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். இவரையா? பக்கத்து ஊருக்குப் போனால்கூடச் சாயங்காலமே வீடு வீடுன்னு பறக்கிற மனுஷனையா?

"என் வாய்தான் எனக்கு எமன்" என்று சிரித்தார். அப்புறம் குளியலறைக்குள்ள போனாரு. ரொம்ப நேரம் வரல. தண்ணி சத்தமும் கேக்கல. நான் கதவத் தட்டல.

ஏப்ரல் 17, வியாழன்

போகவில்லை என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றான். அந்த 'சரி'யை என்னால் தாங்க முடியவில்லை.

பொய் எதற்கு, இவருக்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயம். முப்பது வருஷமாக இவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் எங்கேயும் போயிருக்கிறேன். விமானத்தில் நான் மட்டும் எப்படி?

இவர் விஷயம் தெரிந்ததும் போனைப் பிடுங்கித் தம்பியைக் கூப்பிட்டார். "மாப்ள, உங்கக்கா வர்றா. நீ ஏர்போர்ட்டுக்கு வந்து நில்லு." வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, "அவனுக்குன்னு நிக்க உன்னை விட்டா வேற யாரு இருக்கா? எனக்காக அவன ஒத்தையா விட்டன்னா நான் உன்கிட்ட பேச மாட்டேன்" என்றார்.

அரைமணி நேரம் நான்தான் அவரிடம் பேசவில்லை. அப்புறம் பெட்டி எங்கே என்று கேட்டேன்.

மே 8, வியாழன்

வந்துவிட்டேன்! நானா? நானேதான்.

இறங்கியதும் குடிவரவு அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, தனியாகவா வந்தீர்கள் என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்து வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

தம்பிக்குத் தொப்பை விழுந்திருக்கிறது.

மே 10, சனி

கல்யாணம் முடிந்தது. பெண் வீட்டார் இரண்டு வரிசை. எங்கள் பக்கம் நான் ஒருத்தி. குறைவாகவே தெரியவில்லை. மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி யார் என்று பதிவாளர் கேட்டதும் தம்பி என் முழங்கையைத் தொட்டான். எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

இவர் வீட்டிலிருந்து வீடியோவில் பார்த்தார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. பேச எழுந்து நின்று மானத்தை வாங்கிவிட்டார்.

மே 14, புதன்

தம்பியும் அவன் மனைவியும் நேற்றிலிருந்து வேலைக்குப் போகிறார்கள். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஓய்வெடுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் எடுத்தேன். அப்புறம் கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனை ஸ்டேஷனுக்குப் போய், கடைசி நிறுத்தம் வரைக்கும் டிக்கெட் வாங்கினேன். அங்கே ஒரு ஏரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். தண்ணீரைப் பார்த்தேன். திரும்புகையில் ஒரு நிறுத்தம் தவறவிட்டு, விசாரித்து வந்து சேர்ந்தேன்.

உள்ளே நுழையும்போதே போன் அடித்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? நாலு தடவ கூப்பிட்டுட்டேன்!"

"ஊர் சுத்தப் போயிருந்தேங்க. ரயில்ல."

"யாரோட?"

"யாரோடவும் இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அடுத்த தடவ எனக்கும் விசா கெடச்சா," என்றார், "என்னையும் கூட்டிட்டுப் போறியா?"