அரக்கு கலக்காத ஸ்பிரிட்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை. நாலு வரி எழுதச் சோம்பல்பட்டுக்கொண்டு இருநூறு பக்கக் கேட்லாக்கை அனுப்பியிருக்கிறாய். ஊசி முதல் ஏணி வரை எல்லாம் வீட்டுக்கே வருமாம். வரட்டும், எனக்கு வேண்டாம்.

உன் அத்தானுக்கு வேண்டிய சாமான்களை ஹார்டுவேர் கடையில் நானே போய் வாங்குகிறேன். கடைக்காரர் எனக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஸ்பிரிட்டில் பாலிஷ் அரக்கைத் தன் கையாலேயே கரைத்துத் தருவார். தனி ஸ்பிரிட்டாகக் கொடுக்கமாட்டார். அடுத்த தெருவில் மலிவு என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வாரம் நான் போகாவிட்டால் ஆள் அனுப்பி விசாரிக்கிற மனிதர் அவர்.

அத்தானுக்குக் கை நிறைய வேலை. ஒரு டாக்டர் வீட்டுக் கட்டிலும் ஆறு நாற்காலியும் பாலிஷுக்கு வந்திருக்கின்றன. உன்னை விசாரித்தார். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

உன் அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

முழங்காலை வைத்துக்கொண்டு வாராவாரம் நடக்கிறாய், கேட்டால் ஸ்டூல் போடுகிறார் என்கிறாய். அந்தக் கடைக்காரர் உன் தலையில் நன்றாக மிளகாய் அரைக்கிறார். ஸ்டூலுக்கும் சேர்த்து விலை போட்டிருப்பார்.

நீ சரிப்பட்டு வரமாட்டாய் என்று அத்தானுக்கே ஒரு கேட்லாக் அனுப்பினேன். நம்ம ஆள் உடனே குறித்து அனுப்பிவிட்டார். உப்புத்தாள், இரண்டு பிரஷ், ஐந்து லிட்டர் ஸ்பிரிட். ‘அக்காவுக்குச் சொல்லாதே, அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தார். எனக்குத்தான் வாய் நிற்காதே. பணம் கட்டியாயிற்று, இந்தக் கடிதத்தோடு பார்சலும் வந்து சேரும். இனிமேலாவது காலை நீட்டி உட்கார். அம்மா இங்கே என்னோடு நன்றாக இருக்கிறாள்.

உன் தம்பி

மார்ச் 16

தம்பி,

பார்சல் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நான் தையல் கூடத்தில் இருந்தேன். அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்குள் அவருக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். போனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. காரியமெல்லாம் முடித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த ஸ்பிரிட்டைக் குடித்திருக்கிறார். இரண்டு தம்ளர் அளவுக்குத்தான் குறைந்திருந்தது. அது விஷம் என்று டாக்டர் சொன்னார்.

உன் அத்தான் குடிப்பார், தம்பி. கல்யாணமான இரண்டாம் வருஷம் தொடங்கிய பழக்கம். ‘என் சிநேகிதன், தங்கமானவன்’ என்று அப்பாவோடு மல்லுக்கு நின்று நீ முடித்துவைத்த இடம் இது. உன் முகம் வாடக் கூடாது என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாததைக் கடைக்காரர்களிடம் சொன்னேன். ஹார்டுவேர் கடை, மருந்துக் கடை, மதுக்கடை என்று ஒவ்வொரு படியாக ஏறி, அவர் வந்து கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்காகத்தான் எது வாங்கினாலும் அவர்களிடமே வாங்கினேன். மதுக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தேன். அரக்கு கரைத்தால் ஸ்பிரிட் தொண்டையில் இறங்காது என்பது ஹார்டுவேர்க்காரரின் யோசனை. எட்டு வருஷம் உன் அத்தானை இப்படித்தான் கட்டிக் காத்தேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேட்காமல் அனுப்பியது என் தப்புதான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் வருகிறேன். அனுப்பியவன் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அம்மாவிடம் மாரடைப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

தம்பி

ஏப்ரல் 19

தம்பிக்கு,

ஹார்டுவேர்க்காரர் துக்கம் கேட்க வந்தவர், மூலையில் இருந்த கேனைப் பார்த்துவிட்டார். யார் வாங்கியது என்று கேட்டார். உன் பெயர் வாய்வரைக்கும் வந்தது. நான்தான் வாங்கினேன், விலை மலிவாக இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

“எட்டு வருஷமா உங்க பேச்சைக் கேட்டுத்தானேம்மா அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொன்னேன்” என்றார். போட்ட நாற்காலியில் உட்காராமல் போய்விட்டார்.

இப்போது தெரு முழுக்கத் தெரியும். மருந்துக் கடைக்காரர் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். மதுக்கடைக்காரர் வீட்டில் தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நீ வந்து உண்மையைச் சொன்னால் அவர்கள் என்னோடு பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது அம்மா காதுக்கும் போகும். மருமகன் செத்தது மகன் அனுப்பியதால் என்று கேட்டுவிட்டு அவள் கண் மூட வேண்டாம்.

உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கோபம் இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. லீவை ரத்து செய்துவிடு. எனக்குக் கடிதமும் எழுதாதே. அம்மா கேட்டால் அக்கா சௌக்கியம் என்று சொல்.

அக்கா