பலகையிலிருந்து நான் கழற்றிய தாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். போன் இருக்க, காகிதத்தில் எழுதுகிறேனே என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். போனில் என்றால் நீ என்னப்பா விசேஷம் என்று கேட்டதும், குழாய் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டில் சுவர் இடிக்கிறார்கள் என்று எதையாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். மூன்று மாதமாக அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். குழாய் சரியாகி ரொம்ப நாளாகிவிட்டது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூடி வைத்திருந்த வான்வெளிக்குள் ஒரு சின்ன விமானம் நுழைந்துவிட்டது என்று, கிளம்ப நான்கு நிமிடம் இருக்கும்போது உங்கள் ராக்கெட்டை நிறுத்தினார்களே, அந்த விமானம் நம் ஓடுதளத்திலிருந்துதான் போனது. ஓட்டியவர் தொப்பி மாமா. உனக்கு ஏழு வயதில் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து மேகத்தைக் கிட்டத்தில் காட்டினாரே, அவரேதான். ஆனால் தப்பு அவர் மேல் இல்லை, என் மேல்.

என் வேலை உனக்குத் தெரியாததல்ல. வானத்தில் எந்தப் பகுதியை எப்போது மூடுகிறார்கள் என்று மேலிடத்திலிருந்து அறிவிப்பு வரும், நான் அச்செடுத்து விமானிகள் அறையில் பச்சைப் பலகையில் குத்துவேன், கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். மற்றவர்கள் இப்போது போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். தொப்பி மாமா போனை நம்ப மாட்டார். "உன் பலகைல இல்லேன்னா வானத்துலயும் இல்லய்யா" என்பார், எனக்கும் அதைக் கேட்டால் தலைகால் புரியாது. உங்கள் ராக்கெட்டின் முதல் அடுக்கு எரிந்து முடிந்து விழப்போவது நம் கரைக்கு எதிரே உள்ள கடலில் என்று அறிவிப்பு வந்த அன்று, அந்தத் தாளைப் பலகையின் நட்டநடுவில் நான்கு மூலைக்கும் ஊசி குத்தி வைத்தேன். ஒரு தாளுக்கு ஒரு ஊசி என்பது நானே போட்ட சட்டம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இதில்தான் என் மகள் வளர்த்த பாசி ஒரு பெட்டிக்குள் விண்வெளிக்குப் போகிறது என்று சொல்லிச் சொல்லி அறுத்திருக்கிறேன். எரிபொருள் நிரப்புகிறவர் என்னைக் கண்டால் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார்.

முதல் நாள் காற்று சரியில்லை, இன்றைக்கு இல்லை அப்பா, எப்போது என்று பிறகு சொல்கிறேன் என்று மத்தியானம் நீ செய்தி அனுப்பினாய். முடிந்துபோன அறிவிப்பைக் கழற்றிக் குறுக்கே கோடு போட்டுப் பழைய கட்டில் சேர்ப்பது வழக்கம், வருஷக் கடைசியில் அந்தக் கட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். இந்தத் தாளைக் கிழிக்க விட எனக்கு மனம் வரவில்லை, உனக்காக எடுத்து வைக்க ஆசைப்பட்டேன். புதுத் தேதி போட்டு வேறு தாள் வரும் என்று நினைத்து, மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல், இதைக் கழற்றி அட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மதிப்பெண் சான்றிதழ்கள் இருக்கும் ஃபைலில் சொருகினேன். புதுத் தாள் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த இரண்டு நாளும் அதே நேரத்துக்கு மூடியிருக்கும் என்று அந்தத் தாளின் கடைசி வரியிலேயே போட்டிருந்தது. நான் அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். ராக்கெட் பெயர் இருந்த வரியைத்தான் பார்த்திருக்கிறேன். கடைசி வரி வரைக்கும் படி என்று பரீட்சைத் தாளிலிருந்து மருந்துச் சீட்டு வரை உன் உயிரை எடுத்தவன் நான்.

மறுநாள் காலை தொப்பி மாமா கரையோரத்தைப் படம் பிடிக்கும் வேலைக்குக் கிளம்பினார். பலகையைப் பார்த்தார், ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். நான் ஜன்னலிலிருந்து கையாட்டினேன். தாழப் பறந்ததால் கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டதுகூட அவருக்குக் கேட்கவில்லை. அவர் வெளியே வருவதற்குள் அன்றைக்கு ராக்கெட் கிளம்ப வேண்டிய நேரம் போய்விட்டது, மூன்றாம் நாள் புயல், அப்புறம் நாற்பது நாள் காத்திருப்பு. அத்தனை நாள் பாசி தாங்காது என்று உன் பெட்டியை இறக்கிவிட்டு, வேறு யாருடைய பெட்டியையோ ஏற்றி அனுப்பினார்கள். நான்கு வருஷம் நீ வளர்த்தது. "எவனோ ஒருத்தன் ஒரு பேப்பரைப் படிக்காம ஏறிட்டான்பா, அவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்று நீ போனில் அழுதாய். நான் விடும்மா என்றேன். இதைவிடக் கேவலமாக நான் என் வாழ்நாளில் எதுவும் சொன்னதில்லை.

விசாரணையில் தொப்பி மாமா, பலகையைப் பார்க்க மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருப்பது அவருக்குத் தெரியும். அவர் விமானம் ஓட்டும் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்பக் கிடைக்குமா என்று இந்த மாதக் கடைசியில் முடிவாகும். இப்போதும் தினமும் வருகிறார், விமானத்தைத் துடைக்கிறார், விமானக் கொட்டகைக் கதவைச் சாத்துகிறார், போகும்போது பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்கிறார். நான் நல்லா இருக்கா என்கிறேன். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அம்மாவிடம் போன வாரம்தான் சொன்னேன். திட்டித் தீர்ப்பாள் என்று பார்த்தால், அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "சொல்லிடுங்க. சொன்னா அவ ரெண்டு மாசம் உங்ககிட்ட பேச மாட்டா. சொல்லலேன்னா நீங்க அவகிட்ட பேசவே மாட்டீங்க, குழாயைப் பத்தியே பேசிக்கிட்டிருப்பீங்க" என்றாள்.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன். தாளையும் கொடுத்தாக வேண்டும். நான்கு மூலையிலும் ஊசி ஓட்டை இருக்கிறது, அப்படிக் குத்தியதை அந்த அறைக்கு வருகிற எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், பலகையிலிருந்து நான் கழற்றியது இதுதான் என்பதற்கு அதுவே சாட்சி. உனக்கென்று எடுத்து வைத்தது உன் கைக்கு வராது. வேலையில் என்னை என்ன செய்வார்களோ, செய்யட்டும். நீ கோபத்தை உள்ளே வைத்துக்கொள்ளாதே, எழுதித் திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. உன் கை பட்டது எதுவும் தழைக்கும், அடுத்த பாசி மேலே போகும், நன்றாக இரு அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா

கடைசி வரி வரைக்கும் வந்திருந்தால் இதையும் படி. அன்றைக்கு நீ விட்ட சாபத்தை என் பேருக்கு மாற்றிவிட்டு, தொப்பி மாமாவுக்கு ஒரு போன் பண்ணு. வேறொன்றும் சொல்ல வேண்டாம், எப்படி இருக்கீங்க மாமா என்று கேள், போதும்.