பல்லில் விழுந்த கோடு

ஜூன் 9, திங்கள். திருப்பதி

வெயில் கொளுத்துகிறது. லேபில் ஃபேன் போடக் கூடாது, தூள் பறக்குமாம். கங்காதர நெல்லூர்ப் பக்கம் ரோடு அகலப்படுத்தும்போது கிடைத்த எலும்புகள். நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்கிறார் மேடம். ஊர் இடுகாடு தனி, காலனி இடுகாடு தனி. லேபிலும் பெட்டி தனித்தனி.

காலனிப் பெட்டியை நானே கேட்டு வாங்கினேன். நானும் காலனிதான் என்று மேடத்துக்குத் தெரியாது.

எனக்கு நாலாம் மாசம். மதியம் தயிர் சாதம், வாந்தி.

ஜூன் 10

ஊர்ப் பற்களில் கோடு அங்கொன்று இங்கொன்று. காலனிப் பற்களில் அநேகமாக எல்லாவற்றிலும். குறுக்கே, நகம் வைத்தால் தட்டுகிறது. பல் உருவாகும் வயதில் பட்டினியோ பெரிய காய்ச்சலோ வந்தால் விழுவது. சாகும்வரை அழியாது. கண்குழியில் சல்லடை மாதிரி துளைகள் வேறு. ரத்தம் இல்லாத குழந்தைகள்.

பால்பல் வயிற்றிலேயே உருவாக ஆரம்பித்துவிடும், தாய் சாப்பிடாததும் அதில் தெரியலாம் என்றார் மேடம், சாதாரணமாக. கை தானாக வயிற்றுக்குப் போனது.

ஜூன் 12

செக்கப். நர்ஸ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மி, என்னதான் சாப்பிடுகிறாய் என்று தெலுங்கில் திட்டினார். இரும்பு மாத்திரை, முட்டை, முருங்கைக்கீரை.

பஸ்ஸில் வரும் வழி முழுக்க பயம், வயிற்றுப் பிள்ளையின் பல்லை நினைத்து. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, சிரிப்பார்.

பாத்ரூம் கண்ணாடி முன் போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். என் முன்பல் இரண்டிலும் கோடு. அதே இடம். நாக்கால் தடவிக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு. நகரி

அம்மா வீடு. மழை வரும்போல இருந்தது, வரவில்லை. கருவாட்டுக் குழம்பு, ஆளுக்கொரு முட்டை.

பிள்ளைகளை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை என்பது அம்மாவின் பெருமை. அதனால் சின்ன வயதில் எனக்குப் பெரிய காய்ச்சல் வந்ததா என்று மட்டும் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். வந்தது என்று சொல்லியிருக்கலாம்.

போனில் லேப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலனிப் பெட்டியில் இருந்த ஒரு பெண்ணின் முன்பற்கள், பெரிதாக்கியது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஒம் பல்ல எதுக்குடி போட்டோ புடிச்சி வெச்சிகினு கீற?"

போனை அவள் பக்கம் திருப்பினேன். அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மூணு வயசா இருக்கச்சொல்ல வேலையே இல்ல. கஞ்சித் தண்ணிதான் ஊத்தினேன். யார்கிட்டயும் சொல்லாத."

தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல பயமாக இருந்தது.