கியரில்தானே வந்தீங்க?

முதல் முகாம்,
திங்கள் மாலை

அன்புள்ள ஊசிக்கு,

பம்பரம் எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தோம். அதை முதலில் சொல்லாவிட்டால் நீ நேராகக் கடைசி வரிக்குத் தாவுவாய், உன்னை எனக்குத் தெரியாதா! இங்கே போன் சுத்தமாக எடுக்கவில்லை. காஸ் சிலிண்டரும் ரொட்டியும் கொண்டுவரும் ஜீப்காரர்தான் இந்த மலைக்குத் தபால்காரரும். தினம் ஒரு தடவை ஏறி இறங்குகிறார். நாங்கள் எந்த முகாமில் இருந்தாலும் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடுவாராம். அதனால் சோம்பல்படாமல் எழுது.

ஏற்பாடு நீ சொன்னபடிதான். நான் பைக்கில் முன்னால், உன் தம்பி வாடகைக் கேரவனில் பின்னால். அந்தக் கேரவனை நீ பார்க்க வேண்டுமே! மேஜையை மடக்கினால் கட்டில், கட்டிலைத் தூக்கினால் அடுப்பு. வந்த ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை மண்டையை இடித்துக்கொண்டேன். தம்பி தனக்கு வெளியே கூடாரம் போட்டுக்கொண்டான்.

பேச்சுதான் இல்லை. நான் எங்கே நிறுத்தினாலும் இறங்கி வந்து பைக்கின் பின்சக்கர பிரேக் டிரம்மில் உள்ளங்கையை வைக்கிறான், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. "சூடு இல்லக்கா" என்கிறான். பிறகு போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறான். இன்று மட்டும் எட்டு தடவை. டீ போட்டுக் கொடுத்து, "உக்காருடா, ரெண்டு வார்த்தை பேசேன்" என்றேன். "பேச என்னக்கா இருக்கு" என்று டம்ளரைக் கழுவப் போய்விட்டான்.

காலையிலிருந்து நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ரோட்டை நினைத்துத்தான் என்று வைத்துக்கொள். கால் எப்படி இருக்கிறது? குளிருக்கு அந்தக் கம்பி வைத்த இடம் வலிக்கிறதா?

உன்,
பம்பரம்


வீடு,
செவ்வாய்

அடி பம்பரம்,

கால் இருக்கிறது. லேப் மாடிப்படி ஏறும்போதெல்லாம் "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று அதுவே சொல்கிறது. உன் இடத்தில் ரத்தம் எடுக்க வந்திருக்கும் புதுப்பெண்ணுக்கு யார் கையிலும் நரம்பே அகப்படவில்லை. ஒரு பெரியவர் நேராக என் ரிப்போர்ட் கவுண்டருக்கு வந்து, "ஏம்மா, எனக்கு நரம்பே இல்லியாம், அதையும் ரிப்போர்ட்ல போடுவீங்களா?" என்று கேட்டார். சீக்கிரம் வந்து தொலை.

சிரித்தது போதும். வருகிற திங்கட்கிழமை டயர்கடைக்காரர் தம்பியின் மெக்கானிக் ஷெட்டை எடுத்துக்கொள்ள, சாவி வாங்க வருகிறார். நேற்று வந்து சுவரை அளந்துவிட்டே போய்விட்டார். பத்து வருஷம் பாடுபட்டு அவன் கட்டிய ஷெட்டடி அது. போன வருஷம் நாம் அந்த மலை இறக்கத்தில் பைக்கோடு விழுந்தோமே, ஆஸ்பத்திரியில் நீ "பிரேக் பிடிக்கல" என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அவன் வேறு ஆள். உன்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததைத்தானே நீ சொன்னாய்? அன்று காலையில் பிரேக்கை இறுக்கிக் கொடுத்தவன் அவன். "அதிகமா இறுக்கிட்டேன், உரசி உரசிக் கருகிடுச்சு, நான்தான் உன் காலை ஒடிச்சேன்" என்று எத்தனை தடவை என்னிடம் அழுதிருக்கிறான்.

அம்மா இன்னும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தட்டை வைப்பாள், உள்ளே போய்விடுவாள். அவனும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிடுவேன்.

உன்னை எதற்கு அனுப்பினேன் என்று ஞாபகம் இருக்கட்டும். என் பேச்சை அவன் கேட்க மாட்டான், உன் பேச்சைக் கேட்பான். எப்படியாவது அவன் மனசை மாற்றிக் கூட்டிக்கொண்டு வா.

ஊசி


மூன்றாம் முகாம்,
புதன்

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதத்தை ஜீப்காரர் கையில் கொடுத்ததும் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். பிறகு வெளியே வரப் பிடிக்கவில்லை.

இன்று முழுக்க ஏற்றம். பைக் மூச்சு வாங்கியது, நானும்தான். மதியம் ஒரு ஓடை ஓரமாக நிறுத்தி அவனிடம் பேச்செடுத்தேன். "ஷெட்டை விட்டுட்டு என்னடா பண்ணப் போற?" என்றேன். "எங்கயாவது டிரைவர் வேலைக்குப் போயிடறேன். இன்னொருத்தர் வண்டியில என் கை பட வேண்டாங்க்கா" என்றான். கோபமில்லை, அழுகையில்லை, கடையில் மளிகைச் சாமான் சொல்வதுபோல் சொன்னான்.

நாளைக்கு அந்த இறக்கம். உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்து மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என்ன என்று கேட்காதே. வெளியே வராததற்குக் குளிர் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் தன் கம்பளியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான்.

பம்பரம்


நான்காம் முகாம்,
வியாழன் மாலை

ஊசி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

இன்று விடியற்காலையில் எழுந்து பார்த்தால் பைக்கைக் காணோம். பதறிப்போய் வெளியே ஓடினேன். உன் தம்பி கீழிருந்து அதை ஓட்டிக்கொண்டு வருகிறான். விபத்துக்குப் பிறகு பைக்கையே ஓட்டாதவன்! இறங்கிச் சொன்னான்: "அன்னிக்கு எவ்வளவு இறுக்கினேனோ அதே அளவு இறுக்கி, அதே இறக்கத்துல போய்ப் பாத்தேங்க்கா. டிரம்மு வெதுவெதுன்னுதான் இருக்கு. கருகற அளவுக்கு இல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டான். "அக்கா, அன்னிக்கு கியர்லதானே வந்தீங்க?"

நான் "ஆமாடா" என்றேன்.

பொய், ஊசி. அன்றைக்கும் பொய், இன்றைக்கும் பொய். அன்று மேலிருந்து கியரே இல்லாமல், நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். இறக்கத்தில் நியூட்ரல் போடாதீங்க, வண்டி பாரம் முழுக்க பிரேக் மேலதான் விழும் என்று அவன் எனக்கு நூறு தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறான். தெரிந்தேதான் செய்தேன். காற்று நன்றாக இருந்தது, நீ பின்னால் பாடிக்கொண்டு வந்தாய், மிதப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தால் சும்மா உள்ளே போகிறது. பிரேக்கைக் கருக்கியது நான். அவன் இறுக்கியதில் ஒரு குறையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் கேட்டபோது நீ ஆபரேஷன் அறைக்குள் இருந்தாய், உங்கள் அம்மா எதிரில் நின்றார். பயத்தில் "ஆமா" என்று வந்துவிட்டது. உனக்கு நினைவு வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பிறகு நீ நடந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அப்படியே நாள் போய்விட்டது.

இன்று நான் "ஆமாடா" என்றதும் அவன் பைக் சாவியை என் கையில் கொடுத்தான். "அப்ப என் கைதான் சரியில்ல போல. திங்கக்கிழமை சாவியக் குடுத்துடறேன்" என்றான். அதன்பிறகு அந்த இறக்கத்தில் இரண்டாவது கியரில், ஊர்ந்து ஊர்ந்து இறங்கி வந்தேன். அவன் பின்னாலேயே வந்து டிரம்மைத் தொட்டுப் பார்த்தான்.

அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு எழுதத்தான் முடிந்தது.

பம்பரம்


வீடு,
வெள்ளி

படித்தேன்.

எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? ஆறடி தூரத்தில் கூடாரத்தில் இருக்கிறவனை விட்டுவிட்டு மலைக்குக் கீழே இருக்கிறவளுக்குத் தபால் போடுகிறாய். இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே அவனிடம் போய்ச் சொல். டீ போட்டுக் கொடுத்துச் சொல்லாதே, சுற்றி வளைக்காதே. நீ சொல்லாமல் அவன் இந்த வீட்டு வாசலை மிதித்தால் நான் சொல்வேன். என் வாயால் கேட்டால் அவன் உடைந்துபோவான். அதற்காகத்தான் உன்னைச் சொல்லச் சொல்கிறேன், உனக்காக இல்லை.


ஐந்தாம் முகாம்,
சனி

ஊசி,

சொல்லிவிட்டேன்.

கேரவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உன் கடிதம் கையில் இருக்கும்போதே போய்ச் சொன்னேன். "கியர்ல வரலடா. நியூட்ரல்ல வந்தேன். ரெண்டு தடவையும் உன்கிட்ட பொய் சொன்னேன்." அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். முழுக் கண்ணாடியும் துடைத்து முடித்தான். பிறகு துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, "ஒரு வருஷமா தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து அந்த பிரேக் நட்டையே திருகிட்டு இருக்கேங்க்கா. தெரியுமா உங்களுக்கு?" என்றான். திட்டியிருந்தால் தேவலை. நான் கையைப் பிடிக்கப் போனேன், விலக்கிக்கொண்டான். பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஹெல்மெட் போட்டானா இல்லையா என்றுகூட நான் பார்க்கவில்லை, கண்ணீர் மறைத்தது.

இப்போது பனி இறங்குகிறது. எதிரில் இருக்கும் மரம் தெரியவில்லை. ஒரு வருஷம் பைக் ஓட்டாதவன், இந்த மனசோடு, அதே வளைவுகளில் போகிறான். எனக்குக் கேரவன் ஓட்டத் தெரியாது. ஜீப்பில் ஏறி வந்திருக்கலாம். உன் வாசலில் வந்து நிற்கத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. ஜீப்காரரை நிறுத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

என்னைத் திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். அவன் வந்து சேர்ந்தானா என்று மட்டும் ஒரு வரி எழுது. கும்பிட்டுக் கேட்கிறேன்.

பம்பரம்


வீடு,
ஞாயிறு

வந்து சேர்ந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான்.

வீட்டுக்கு வரவில்லை, நேராக ஷெட்டுக்குப் போயிருக்கிறான். ஷட்டர் திறக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அம்மாவை உட்காரவைத்து உன் வியாழக்கிழமைக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டாள். பிறகு செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள். நான் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. போய்ப் பார்த்தால் அந்தக் கிரீஸ் தரையில் உட்கார்ந்து அவன் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். "சாப்டியாடா" என்று கேட்கிறாள், அவன் "இல்லம்மா" என்கிறான், மறுபடி "சாப்டியாடா" என்றே கேட்கிறாள். நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன்.

டயர்கடைக்காரருக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பியாயிற்று. கேரவனை எடுத்துவர நாளைக் காலையில் ஒரு டிரைவர் ஜீப்பில் வருகிறார். அவரோடு இறங்கி வந்துவிடு. இனி அங்கே தனியாக இருக்காதே.

என் காலைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும்தான் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தேன். யாருக்கும் நடக்கக் கூடியது, நடந்தது. பயத்தில் ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைக்கூட விட்டுவிடுவேன்.

ஆனால் இந்த ஒரு வருஷமாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரிப்போர்ட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அவனை நினைத்து நான் அழும்போதெல்லாம், நீ பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாயே. "எல்லாம் சரியாயிடும்டி" என்று சொல்லிக்கொண்டே தடவிக் கொடுத்தாயே. அதை நான் என்னடி செய்வது? நேற்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை.

கவுண்டரை மாற்றித் தரும்படி லேபில் கேட்டிருக்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே.

அவனுடைய அக்கா