நீலக் கவுனும் நடுவில் உட்கார்ந்த பெரியவரும்

என் அக்கா பெற்ற அறிவுக் கொழுந்துக்கு, மாமன் சலவைக் கடையிலிருந்து எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, மெஷின் இரண்டும் சுகம். பெரிய மெஷினுக்குத்தான் லேசாக இருமல்.

பேப்பரில் உன் வான ஆராய்ச்சி பற்றிய பேட்டி படித்தேன். அத்தனையும் நான் அப்போதே சொன்னது. நீ கண்டுபிடித்ததாகப் போட்டிருக்கிறார்கள், போகட்டும், வீட்டுக்குள்தானே. தனியாகத் திரிகிற கேலக்ஸி கைகளை விரித்து நீலமாகச் சுழலுமாம். மற்ற கேலக்ஸிகளின் பெருங்கூட்டத்துக்குள் விழுந்துவிட்டால் அதன் வாயுவெல்லாம் உருவப்பட்டு, புது நட்சத்திரம் பிறக்காமல், நீலம் போய், கை மழுங்கி, மொழுக்கென்று ஆகிவிடுமாம். உன் நீலக் கவுனை ஊரார் துணியோடு ஒரே மெஷினில் போட்டேனே, மறந்துவிட்டாயா? ஃபிரில் போய், சாயம் போய், தலையணை உறை மாதிரி வந்தது. நீ அழுதபோது, கூட்டத்தில் விழுந்தால் வானத்தில் இருப்பதற்கும் இதே கதிதான் என்றேன்.

நீயோ, சித்தப்பா வாங்கித் தந்த டெலஸ்கோப்பில்தான் வானம் பார்க்கப் பழகினேன் என்று சொல்லியிருக்கிறாய். நல்லது. எனக்கென்ன பொறாமை? அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைத்துக் கொடுத்தது யார் என்று பேப்பர்காரன் கேட்கவில்லை. அதிலிருக்கும் கீறல்கூட என்னுடையதுதான்.

கூட்டத்து நடுவில் ஒரு பெருத்த கேலக்ஸி உட்கார்ந்து, கிட்டே வருவதையெல்லாம் விழுங்கி இன்னும் பெருக்குமாமே. அதைக் கேட்டதும் உன் அத்தை யார் பெயரைச் சொன்னாள் என்று எழுதமாட்டேன். நீங்கள் சித்தப்பா வீட்டு மாடிக்குக் குடிபோனதிலிருந்து பார்க்கிறேன். விசிலடித்துத் திரிந்த உன் அப்பா இப்போது அவர் மாதிரியே தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிறார். என் கூடப் பிறந்தவள் அவர் சிரித்த பிறகுதான் சிரிக்கிறாள். 'வாடா' என்று கூப்பிட்டவள், அவர் வீட்டு வாசலில் என்னை 'வாங்க' என்கிறாள்.

போன வாரம் சித்தப்பா உன் அம்மாவோடு கடைக்கு வந்து, நீ மேடையேறிப் பேசப்போகிற கூட்டத்தில் தனக்கு முன்வரிசை என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். என் வாய் சும்மா இருக்குமா? எனக்கும் முன்வரிசைதான், அவளே கைப்பட எழுதிக் கூப்பிட்டிருக்கிறாள் என்றேன். அவர் செருமினார். உன் அம்மா முகம் மலர்ந்து, "அப்ப நீயும் வர்றியாடா?" என்றாள்.

எத்தனை வருஷம் கழித்து அந்த 'டா'.

எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் உன் நீலம் வெளுக்காமல் இரு, கண்ணு. கவுன் நிஜம், கீறல் நிஜம், வானத்தைப் பற்றிச் சொன்னதும் நிஜம்தான். நீ எழுதிக் கூப்பிட்டாய் என்பது மட்டும் நானாகச் சேர்த்தது. ஒரு வரி எழுதிப் போடு. ஓரத்து நாற்காலியானாலும் சரி. தேதியை மட்டும் கொஞ்சம் முன்தள்ளிப் போட்டுவிடு, போன வாரத்துக்கும் முந்தின தேதியாக.

உன் மாமன்