ஆக்னஸுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம்

மொன்ட்ரியால்-நோர்
18.11.2006

அன்புள்ள செல்வமலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் மகள் லோஜினியும் சுகம் என்று முதல் வரியில் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. துறைமுகப் பக்கக் கிடங்கில் வேலை குறைவு. சனிக்கிழமைகளில் புவாண்ட்-கிளேரில் ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குப் பழைய எழுத்து வாசித்துக் கொடுக்கிறேன். மட்டக்களப்புக் காணிப் பதிவுக் கந்தோரில் கறையான் தின்ற உறுதிப் பத்திரங்களை வாசித்த கண் இதற்காவது உதவுகிறது. அவருடைய மூதாதை ஹெல்லியர், டியூடர் மன்னர் காலத்தில் லண்டனில் கம்பளித் துணி விற்றவராம். நகரசபை ஏட்டில் அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் மட்டுமே. 1551இல் எழுதிய மரண சாசனத்தில்தான் மூன்றாவது பிள்ளை அகப்பட்டாள். கடல் கடந்து போய் ஏழு வருடமாகச் சேதி இல்லாத மகள் ஆக்னஸ் திரும்பி வந்தால், அவளுக்குத் தன் வெள்ளிக் கிண்ணத்தைக் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். அம்மா கைதட்டிச் சிரித்தார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

பதிவில் இல்லாதது இல்லாததுதான் என்று கந்தோரில் ஊராருக்கெல்லாம் புத்தி சொன்னவன் நான். 1990இல் இங்கே அகதிப் படிவத்தில் மணமாகாதவன் என்று என் கையாலேயே எழுதினேன். “தனியாள் எண்டு போடுங்கோ அண்ணை, கெதியா முடியும், பேந்து பெண்சாதி பிள்ளையைக் கூப்பிடலாம்” என்றார் மொழிபெயர்க்க வந்த ஞானேந்திரன். அவர் தன் படிவத்தில் மனைவியின் பெயரை எழுதியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் படிவத்தில் இல்லாதவர்களை அழைக்க முடியாது என்று மாசியில் குடிவரவுக் கந்தோரின் கடைசி மறுப்பும் வந்துவிட்டது. ஒன்பது மாதமாக உன்னிடம் மறைத்தேன்.

கலியாணப் பதிவில் தகப்பன் காலஞ்சென்றவர் என்று போடப் போவதாக லோஜினி சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். இருக்கிற தகப்பன் ஏன் வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்களாம். செத்தவனைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்களாம். அவளில் பிழையில்லை. நாலு வயதுப் பிள்ளையை நான் எழுதவில்லை. அவள் ஏன் என்னை எழுதவேண்டும்?

ஆனாலும் கேட்கிறேன். பதிவுகாரர் எழுதும்போது நீ பக்கத்தில் நில். அரியரத்தினம் என்று மட்டும் போடச் சொல். தொழில், விலாசம் எதுவும் வேண்டாம். காலஞ்சென்ற என்ற சொல்லை மட்டும் போடவிடாதே.

பிள்ளை நல்லாயிருக்கவேண்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாமென்றால் சொல்லாதே.

இந்த நாட்டுத் தாள்களில் மணமாகாதவனாகிய
உன் கணவன்,
அரியரத்தினம்